ஏழு நிமிட அமெரிக்கா

அத்தியாயம் 6

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பொன்னுராஜ் அமெரிக்காவுக்கு வந்து சேர்ந்தார். வாசலில் செருப்பைக் கழற்றினார். சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலையை வாரிக்கொண்டு, மூன்றாம் நம்பர் கண்ணாடி அறைக்குள் போய் உட்கார்ந்தார். எதிரே ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அவருடைய ஒரே மகன் தவசிமுத்து ஏழு மாதமாக அதற்குள்தான் குடியிருந்தான்.

இடம், ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடி. ஊரில் இன்டர்நெட் வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அதற்குள் சமுத்திரம் என்கிற முப்பது வயதுக்காரன் நாலு கம்ப்யூட்டரைப் போட்டு, வாசலில் போர்டும் மாட்டிவிட்டான்.

பொன்னுராஜுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்த தனுஷ்கோடியை, தறிக்கு நூல் கொடுக்கிற சிநேகிதர் என்று சொல்லி வைத்திருந்தார்கள். நூலுக்கும் தனுஷ்கோடிக்கும் உள்ள சம்பந்தம் அவர் சட்டையோடு சரி. அவர் தொழில் துப்பறிவது. இந்த ஊரில் அந்தத் தொழில் செய்கிறவர் அவர் ஒருவர்தான் என்பதால் முதல் இடமும் கடைசி இடமும் அவருக்கே.

புதன்கிழமை பொன்னுராஜ் அவரைத் தேடி வந்தபோது தறியில் நெய்கிற பேண்டேஜ் துணியின் தூசு தலையில் அப்படியே இருந்தது. பத்துத் தறி வைத்திருக்கிற மனுஷன், மனைவி இல்லை.

"எம் மவன் எங்க இருக்கான், சார்? அத மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லிருங்க."

"அமெரிக்கான்னு ஊரே சொல்லுதே, அண்ணாச்சி."

"ஊரு சொல்லுது. நானும் வாரா வாரம் பாக்கேன். போன் நம்பர் கேட்டேன், இல்லைங்கான். விலாசம் கேட்டேன், வீடு மாறிக்கிட்டே இருக்கேங்கான்." கையில் ஒட்டியிருந்த தூசைத் தட்டினார். "அவன் என்னப் பாக்கானா, இல்லையா? அதுவும் தெரியணும்."

தனுஷ்கோடிக்கு இரண்டு பயம் இருந்தது. ஒன்று, பையனை யாரோ எங்கேயோ அடைத்து வைத்திருக்கிறார்கள். இன்னொன்று, பையனே இல்லை. என்றைக்கோ எடுத்த படத்தை ஓட்டி ஒரு கிழவரை ஏமாற்றுகிறார்கள். இரண்டாவதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை.

சமுத்திரம் குனிந்து எதையோ தட்டினான். "லைவ் வருது, அண்ணாச்சி. செத்த பொறுங்க."

"படம் எப்படித் தம்பி வருது?" என்றார் தனுஷ்கோடி, ஒன்றும் அறியாதவர் போல.

சமுத்திரத்துக்கு விளக்கம் சொல்வதென்றால் தனி உற்சாகம். "முந்தியெல்லாம் படம் முழுசா வந்து எறங்கணும், பொறவுதான் பாக்கலாம். அதுக்குள்ள பொழுது விடிஞ்சிரும். இது ஸ்ட்ரீமிங். நம்ம குழாயில தண்ணி வருதுல்லா, அந்த மாதிரி. கொஞ்சமா வரும், வந்தது ஓடும், ஓடும்போதே மிச்சம் பின்னால வந்துக்கிட்டு இருக்கும். லைன் சுணங்கினா படம் நின்னுரும். அதுக்காவத்தான் படத்த இம்புட்டுக் குட்டியா நசுக்கி அனுப்புதாவ."

படம் வந்தது. தபால் கார்டில் பாதி அளவு. அதில் ஒரு இளைஞன், சாம்பல் நிற ஸ்வெட்டர் போட்டு, வெள்ளைச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். வாய் ஒரு பக்கம் அசைய, சொல் கொஞ்சம் பிந்தி வந்தது.

"அப்பா, நல்லா இருக்கீங்களா? சாரல் விழுந்துச்சுன்னு சமுத்திரம் எழுதியிருந்தான். காதுல துணி கட்டிக்கிடுங்க. ஆறாம் நம்பர் தறி சரியாயிருச்சா?"

"ஆயிருச்சுல" என்றார் பொன்னுராஜ், படத்தைப் பார்த்து. படம் கேட்கவில்லை. அது தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனது.

"ஒன்வே, அண்ணாச்சி. நீங்க பேசுறது அங்க போவாது" என்றான் சமுத்திரம். கம்ப்யூட்டர் மேலே முட்டை போல ஒரு காமிரா இருந்தது. "அது வேல செய்யல" என்று அதற்கும் சேர்த்து ஒரு பதில் சொல்லிவிட்டுத் தன் மேஜைக்குப் போனான்.

தனுஷ்கோடி மகனைப் பார்க்கவில்லை. படத்துக்கு அடியில் ஊர்ந்துகொண்டிருந்த எண்களைப் பார்த்தார். அப்போது வெளியே சமுத்திரத்தின் மேஜையில் போன் மணி அடித்தது. சமுத்திரம் எடுத்து "ஹலோ, ஹலோ" என்றான், ராங் நம்பர் என்று வைத்தான். அமெரிக்கா ஒரு விநாடிகூட நிற்காமல் ஓடியது.

பேச்சு முடிந்து திரை இருண்டது. தவசிமுத்து போய்விட்டான். பொன்னுராஜ் எழுந்திருக்கவில்லை.

"நீங்க முன்னால போங்க, சார். நா செத்த நேரம் ஒத்தையில உக்காந்துட்டு வாரேன்."

கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்த தனுஷ்கோடி ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பொன்னுராஜ் இருண்ட திரைக்கு முன்னால் உட்கார்ந்து என்னவோ பேசிக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது, சத்தம் வெளியே வரவில்லை.  தன் மனைவி போன பிறகு ஞாயிற்றுக்கிழமை எவ்வளவு நீளம் என்று தனுஷ்கோடிக்குத் தெரியும். பொன்னுராஜுக்காவது அதில் ஏழு நிமிடம் குறைகிறது.

கீழே டீக்கடையில் தங்கபாய் காத்துக்கொண்டிருந்தாள். ஐம்பது வயது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபத்திரண்டு வருடம் ஊர்ப்பேச்சைக் கேட்டவள். மிஷின் மாறியதும் கேட்க ஒன்றுமில்லை என்று வேலையை விட்டுவிட்டு தனுஷ்கோடியிடம் சேர்ந்துவிட்டாள். பேருக்கு உதவியாளர். உண்மையில் யார் யாருக்கு உதவி என்பதில் இன்னும் தகராறு உண்டு.

"அந்தப் போன் நீங்கதானா?" என்றார் தனுஷ்கோடி.

"பொறவு? எதுத்தாப்புல எஸ்.டி.டி. பூத்து சும்மாதான கெடக்கு." தங்கபாய் டீயை ஆற்றினாள். "பத்து மணிக்கு முன்னால நா மாடியிலதான் நின்னேன். லைன் போடும்போது அந்த மோடம் கழுத்த நெரிச்ச மாதிரி கத்துமே, இன்னைக்குக் கத்தல. நாலாம் நம்பர்ல ஒரு ஆளு கிரிக்கெட் ஸ்கோர் வரலைன்னு சண்ட போட்டுட்டுப் போறாரு. ஞாயித்துக்கிழம பத்து மணியானா இப்படித்தானாம். சரி, அடிச்சுப் பாப்பமேன்னு அடிச்சேன். மணி அடிக்குது சார்! அவன்கிட்ட இருக்கது ஒரே லைனு. அதுல அமெரிக்கா வந்துக்கிட்டு இருந்தா எனக்கு எங்கேஜ்டுல்லா வரணும்?"

"லைனையே போடலை."

"தேவையில்லாத நேரம் லைன வெட்டிருவான். மீட்டருக்குப் பயந்த பய. எக்ஸ்சேஞ்சுல இப்படி எத்தன பேரப் பாத்திருக்கேன். அந்தப் பழக்கந்தான் மாட்டிவிட்டுட்டு."

தனுஷ்கோடி பெஞ்சில் உட்கார்ந்தார். "என்கிட்டயும் ஒண்ணு இருக்கு. படம் ஆரம்பிச்ச உடனே அடியில ரெண்டு எண் வந்துச்சு. ஒண்ணு ஓடுற நேரம். இன்னொண்ணு மொத்த நேரம். ஆறு நிமிஷம் அம்பத்திரெண்டு விநாடி."

"அதுக்கென்ன?"

"லைவா பேசுறவன் எப்ப முடிப்பான்னு அவனுக்கே தெரியாது. அவன் வாயத் தொறக்கும்போதே பெட்டிக்கு எப்படித் தெரிஞ்சுது? குழாயில வர்ற தண்ணிக்கு மொத்த அளவு ஏது? குடத்துல பிடிச்சு வச்சாத்தான் இம்புட்டுன்னு சொல்ல முடியும்."

"அந்த மாதிரி எண் ஒண்ண எங்க வீட்டுக்காரருக்கு மாட்டித் தாங்க சார். அவரு வாயத் தொறக்கும்போதே எனக்கும் தெரிஞ்சிரும்."

தனுஷ்கோடி சிரிக்கவில்லை. பிடித்து வைத்த படம் என்றால் அவருடைய இரண்டாவது பயம் நெருங்கி வருகிறது. ஆனால் பையன் சாரலைப் பற்றிப் பேசினானே. ஆறாம் நம்பர் தறி போன செவ்வாய்க்கிழமைதான் மக்கர் செய்தது. அப்படியானால் உயிரோடுதான் இருக்கிறான். அது இந்த வாரப் படம்.

"இன்னைக்கும் அண்ணாச்சி சொன்ன அந்த ஸ்வெட்டர்தானா?" என்றாள் தங்கபாய். "இங்க நமக்கு ஆடி பொறந்தாச்சு. அங்க இப்ப வெயில் காலமாம். ஜூலையில எவனாவது ஸ்வெட்டர் போடுவானா?"

பதில் சொல்வதற்குள் பொன்னுராஜ் மாடியிலிருந்து இறங்கி வீட்டுப் பக்கம் நடந்தார். சற்று நேரத்தில் சமுத்திரமும் இறங்கி வந்தான். கையில் மூலைக்கு மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகைக் கவர் ஒன்று. நேரே பஸ் ஸ்டாண்டுக்குள் போய், புறப்பட நின்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸின் கண்டக்டரிடம் கொடுத்தான். கண்டக்டர் தலையாட்டினார். இந்தப் பக்கத்தில் கண்டக்டர்கள் மூலம் மருந்து போகும், சாவி போகும், சாப்பாட்டுத் தூக்கு போகும். கவர் போவதில் அதிசயம் ஒன்றும் இல்லை.

தனுஷ்கோடி டீ கிளாஸை வைத்தார். "தங்கபாய், ஆடி பொறந்து எத்தன நாள்?"

"இன்னைக்கு ரெண்டு."

"ஆடி ரெண்டாந்தேதி எவன் வீட்டுலயாவது பத்திரிகை குடுக்க ஆரம்பிப்பானா?"

தங்கபாய் எழுந்துவிட்டாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பஸ்ஸை நோக்கி ஓட ஆரம்பித்தாள்.

கூட்டத்தில் தங்கபாய்க்கு மட்டும் இடம் கிடைத்தது. அதை அவள் கேட்டு வாங்கினாள் என்று சொல்வது நாகரிகம். தனுஷ்கோடி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்டக்டர் ஒரு கையில் டிக்கெட்டும் ஒரு கையில் சில்லறையும் கக்கத்தில் கவருமாகத் திணறிக்கொண்டு வந்தார்.

"கண்டக்டர் தம்பி, கக்கத்துல என்னத்துக்கு? இங்கிட்டுக் குடுங்க, மடியில வச்சுக்கிடுதேன்."

உட்கார்ந்திருக்கிறவர் மடி நிற்கிறவர்களுக்குப் பொது என்பது பஸ் சட்டம். கண்டக்டர் கொடுத்துவிட்டுப் போனார். தங்கபாய் கவரை மேலோடு தடவினாள்.

"சதுரமா இருக்கு சார். ஒரு ஓரத்துல தகடு. தகடு இங்கிட்டும் அங்கிட்டும் நகருது."

"பிளாப்பி. கம்ப்யூட்டர்ல ஓடுற படத்தப் பிடிச்சு வைக்கிற தகடு" என்றார் தனுஷ்கோடி. டிக்கெட்டின் பின்பக்கத்தில் பேனாவால் கணக்குப் போட்டார். பஸ் ஆடியதில் எண்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. "நசுக்கி அனுப்புற படம் நிமிஷத்துக்கு இருநூறு கிலோபைட் பிடிக்கும். ஒரு பிளாப்பியில ஆயிரத்து நானூத்துச் சொச்சம் கொள்ளும். வகுத்துப் பாருங்க."

"ஏழு" என்றாள் தங்கபாய், உடனே.

"பொன்னுராஜ் அண்ணாச்சி சொன்னாருல்ல, ஏழு மாசமா ஒரு நாளும் ஏழு நிமிஷத்தத் தாண்டலைன்னு. அமெரிக்காவுல நேரம் பத்தாமயில்ல. தகட்டுல எடம் பத்தல. லைன் சுணங்கினாலும் ஓடணும்னு நசுக்குன படம் ஒரு பிளாப்பிக்குள்ள அடங்கிப் போச்சு. அது கடல் தாண்டி வரல. பஸ்ஸுல வருது."

"அப்ப வாரா வாரம் பஸ்ஸு ஏத்துத தூரத்துலதான் பய இருக்கான்."

"இருக்கான். இல்ல, எவனோ அவன வச்சிருக்கான்."

பஸ், மம்சாபுரத்துக்குப் பிரிகிற விலக்கைத் தாண்டியது. மலைப் பக்கம் மேகம் இறங்கி, செண்பகத்தோப்பு இருக்கிற திசையே தெரியவில்லை. தனுஷ்கோடிக்கு ஒன்று மட்டும் பிடிபடவில்லை. படம் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வருகிறது, சரி. இது அந்தப் பக்கம் போகிற பிளாப்பி. இதில் என்ன இருக்கிறது?

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் தங்கபாய் கவரைக் கண்டக்டரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கினாள். ஐந்து நிமிடம் ஆகவில்லை, நாலு நாள் தாடியோடு ஒருவன் வந்து கண்டக்டரிடம் கை நீட்டினான். ஸ்வெட்டர் இல்லை. முகம் மெலிந்திருந்தது. ஆனால் அதே முகம். கவரை வாங்கியதும் அவன் நடந்த வேகத்துக்குப் பின்தொடர முடியாமல் தனுஷ்கோடிக்கு மூச்சு வாங்கியது. அடைத்து வைத்திருக்கிறார்கள் என்கிற முதல் பயமும் அதோடு போயிற்று. இப்படி ஓடுகிறவனை யார் அடைத்து வைப்பது?

கல்யாணப் பத்திரிகை அடிக்கிற ஒரு அச்சகத்தின் பின்கட்டு; வெள்ளைச் சுவர், கம்ப்யூட்டர் மேலே அங்கேயும் ஒரு முட்டைக் காமிரா. ஞாயிற்றுக்கிழமை என்பதால் மிஷின்கள் ஓடவில்லை. அவன் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து பிளாப்பியைச் செருகினான். வாசலில் நிழல் தட்டித் திரும்பினான்.

"தவசிமுத்து" என்றார் தனுஷ்கோடி. "உங்க அப்பா அனுப்பினாரு."

அவன் முகம் வெளுத்தது. ஓடவில்லை. நாற்காலியிலேயே சுருங்கினான்.

"அப்பாவுக்குத் தெரிஞ்சு போச்சா?"

"இன்னும் இல்ல. நான் சொல்லணும்."

"சொல்லிராதீங்க சார்." கையெடுத்துக் கும்பிட்டான். "நா பிளைட்டே ஏறல. மெட்ராஸ்ல அந்த ஏஜென்ட் ஆபீஸ நா போன அன்னைக்கே பூட்டிட்டான். ராஜபாளையம் ஸ்டேஷன்ல எனக்கு மால போட்டு அனுப்புனாவ சார். அப்பா தறிக்காரவ அம்புட்டு பேருக்கும் பிரியாணி போட்டாவ. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுத் திரும்புவேன்?"

"அந்த ஸ்வெட்டர்?"

"அப்பா மதுரையில போய் வாங்குனது. போடலைன்னா வருத்தப்படுவாவ."

தங்கபாய்க்கு வழக்கமாக இந்த இடத்தில் ஒரு பேச்சு வரும். இன்று கொடியில் கிடந்த அந்த ஸ்வெட்டரை எடுத்து மடித்து வைத்தாள்.

"மெட்ராஸ்லயே இருந்திருக்கலாமே" என்றார் தனுஷ்கோடி. "பன்னெண்டு கிலோமீட்டர்ல வந்து எதுக்கு ஒளிஞ்சே?"

"தள்ளி இருக்க முடியல, சார்."

அப்போது திரையில் படம் எழுந்தது. தனுஷ்கோடி குனிந்து பார்த்தார். இவ்வளவு நேரம் கட்டி எழுப்பிய சந்தேகமெல்லாம் அந்த ஒரு நொடியில் கவிழ்ந்தது. தபால் கார்டில் பாதி அளவுக்குள் பொன்னுராஜ் உட்கார்ந்திருந்தார். வாரிய தலை. இன்றைக்குக் காலையில் போட்டிருந்த அதே சட்டை. இருண்ட திரையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"அந்தக் காமிரா வேல செய்யுது" என்றார் தனுஷ்கோடி மெல்ல.

"சமுத்திரம் என்கூடப் படிச்சவன். நாந்தான் கேட்டேன். நா பேசி முடிச்சப் பொறவு அப்பா இருக்குறத எடுத்து அனுப்புவான்." மேஜை இழுப்பறையைத் திறந்தான். நூல் கட்டி அடுக்கிய பிளாப்பிகள். "முப்பது இருக்கு. இது முப்பத்தொண்ணு. தெனமும் ஒண்ணு போட்டுப் பாப்பேன்."

பொன்னுராஜின் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. அறையில் ஒரு சத்தமும் இல்லை.

"என்ன சொல்லுதாரு?" என்றாள் தங்கபாய்.

"தெரியாது."

"தெரியாதுன்னா?"

"ஸ்பீக்கர் வயரப் புடுங்கிப் போட்டுட்டேன்க்கா. ஏசுவாவ. இல்லன்னா அழுவாவ. ரெண்டுல எதக் கேட்டாலும் என்னால இங்க இருக்க முடியாது."

தங்கபாய் மேஜைக்குப் பின்னால் போனாள். இருபத்திரண்டு வருடம் வயர் மாட்டிய கை. தவசிமுத்து "வேண்டாம்க்கா" என்று எழுந்திருப்பதற்குள் ஸ்பீக்கர் ஒருமுறை கரகரத்தது. படத்தை முதலிலிருந்து ஓடவிட்டார் தனுஷ்கோடி.

"...ஏலே தவசி. இந்தக் காமிரா வேல செய்யலைன்னு சமுத்திரம் சொல்லுதான். வேல செய்யாத சாமான வாரா வாரம் தொடச்சு வைக்க மாட்டான். அதனால பேசுதேன். எத்தனையோ வாரமாப் பேசுதேன், ஒரு பதிலும் இல்ல." பொன்னுராஜ் வேட்டி முனையால் முகத்தைத் துடைத்தார். "போன மாசம் இங்க மூணு நாள் விடாம சாரல் அடிச்சுது. எனக்குச் சளி பிடிச்சுது. அந்த ஞாயித்துக்கிழம ஒனக்கும் மூக்கு அடச்சிருந்துச்சு. எம் மூக்கும் ஒம் மூக்கும் ஒரே நாள்ல அடச்சா, நீ ஒரே மழையிலதான்ல நனைஞ்சிருக்கே. அமெரிக்காவுல இல்லன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்."

தவசிமுத்து கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"எங்க இருக்கேன்னுதான் தெரியல. அதுக்கு ஒரு ஆளப் பிடிச்சிருக்கேன். நல்ல மனுஷன். வந்தா அவரோட வந்துரு. ஊருக்கு என்ன சொல்லதுன்னு நெனைக்காத. ஊரு எங்கூட ஒக்காந்து சோறு திங்கல. நா ஒத்தையிலதான் திங்கேன்."

எங்கே என்றுதான் கேட்டார் அந்த மனுஷன். அமெரிக்காவில் எந்த ஊர் என்று கேட்கிறார் என நினைத்துக்கொண்டது தன் புத்தி. தனுஷ்கோடிக்கு வெட்கமாக இருந்தது. எண்களையும் தகட்டையும் எண்ணி எண்ணிக் கண்டுபிடித்ததை, ஒரு தகப்பன் ஒரு மூக்கடைப்பில் கண்டுபிடித்துவிட்டார்.

"மத்த முப்பதுலயும்..." என்றான் தவசிமுத்து. குரல் உடைந்துவிட்டது. "மத்த முப்பதுலயும் இப்படித்தான் பேசியிருப்பாவளா?" அடுக்கில் கை வைத்தான். "ஒவ்வொண்ணாக் கேட்டுட்டு வாரேன் சார்."

தனுஷ்கோடி இழுப்பறையை மூடினார். "அதுக்கு மூணு மணி நேரத்துக்கு மேல ஆவும். அதுவரைக்கும் அவரு ஒத்தையிலதான் இருப்பாரு. கெளம்பு."

அவன் முகம் கழுவினானா, கதவைப் பூட்டினானா என்பதெல்லாம் அவனுக்கே நினைவிருக்காது. பஸ் ஸ்டாண்டில் நகர்ந்துகொண்டிருந்த ராஜபாளையம் பஸ்ஸின் படியில் தாவி ஏறினான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"கூடப் போகலையா சார்?" என்றாள் தங்கபாய்.

"நாம எதுக்கு நடுவுல?"

"நா எங்க அக்கா வீட்டுக்குப் போயிட்டு வாரேன். இங்கதான் மடவார்விளாகத்துல." கண்ணைத் துடைத்துக்கொண்டதை அவள் மறைக்கவில்லை. "அண்ணாச்சிக்கு ஒரு போனப் போட்டுச் சொல்லிருங்க. திடுதிப்புன்னு போய் நின்னா நெஞ்சு தாங்காது."

தனுஷ்கோடி பூத்துக்குள் போய் நம்பரைச் சுழற்றினார். முதல் மணியிலேயே எடுத்தார் பொன்னுராஜ்.

"அண்ணாச்சி, எங்க இருக்கான்னு கேட்டீங்கல்லா?"

மறுமுனையில் நாற்காலியை இழுத்து உட்காருகிற சத்தம் கேட்டது.

"இப்ப ரயில்வே கேட்டத் தாண்டியிருப்பான். பஸ்ஸுல வந்துக்கிட்டு இருக்கான். வாரா வாரம் உங்களப் பாத்துக்கிட்டுத்தான் இருந்திருக்கான்."

பொன்னுராஜ் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"எந்த பஸ்ஸு?"

தனுஷ்கோடி பஸ்ஸின் பெயரைச் சொன்னார். ரிசீவர் மேஜையில் விழுகிற சத்தம் கேட்டது. நாற்காலி தள்ளப்பட்டது, கதவு திறந்தது, மூடவில்லை. அந்த வீட்டில் இப்போது மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் இருந்தது. பூத்துக்காரர் மீட்டரைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். தனுஷ்கோடி கொஞ்ச நேரம் அதையே கேட்டுக்கொண்டு நின்றார்.